ஐந்து குறை உள்ள நாய்க்குட்டி

ஹட்டன் பசாரில் நானாவின் கடையில் குடை வாங்கியவர்கள் யாரும் வெறும் குடையோடு வீட்டுக்குப் போனதில்லை. அந்தக் குடையின் குறையையும் கூடவே வாங்கிக்கொண்டுதான் போனார்கள். "நெறம் நல்லம், பாக்கவும் வடிவு. ஆனா தங்கச்சி, இங்கத்தக் காத்துக்கு இந்தக் கம்பி தாங்காது. ரெண்டு தரம் மடங்கினா மூணாந்தரம் ஒடஞ்சிரும். ஓணுமெண்டா எடுங்க" என்பார். எடுப்பதா வேண்டாமா என்று வந்தவர் முழிப்பார். அவர் பாட்டுக்கு அடுத்த குடையை விரித்து அதற்கும் ஒரு குறையைத் தேடிக்கொண்டிருப்பார்.

அந்தக் கடையில் நான் ஐந்து வருஷம் வேலை செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு எரிச்சல்பட்டதும் இல்லை, அவ்வளவு சிரித்ததும் இல்லை. வந்த ஆளைப் பிடித்து உட்காரவைத்து, பத்து பிளாஸ்க்கை எடுத்துக் காட்டி, கடைசியில் 'சரி, இதையே கட்டுங்க' என்று அந்த ஆள் வாயிலிருந்து வரவழைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுபோகும். சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குரல் வரும். "மூடி கொஞ்சம் லூஸ் எண்டு செல்லினீங்களா?" எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். சொல்லியிருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறை வைத்து அப்படிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கடைப் பலகையில் ஒரு பெயர் இருந்தது, அது அவருடைய வாப்பாவின் பெயர். ஐந்து வருஷத்தில் அவர் பெயரைக் கேட்க வேண்டிய தேவை எனக்கு ஒரு நாளும் வரவில்லை. ஒல்லியான ஆள். வெள்ளைத் தொப்பி. அவருக்கு இரண்டு மடங்கு பெரிதான ஒரு கம்பளிக் கோட்டு, அதை வெயில் காலத்திலும் கழற்ற மாட்டார். மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

கொழும்பிலிருந்து புதுச் சாமான் வந்து இறங்கினால் அன்றைக்கு அதில் ஒன்றும் விற்கக் கூடாது. பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், மோந்துகூடப் பார்ப்பார். குறை கண்டுபிடித்த பிறகுதான் சாமான் தட்டுக்கு ஏறும். ஒரு சுவர் மணிக்கூடு வந்தது. எவ்வளவு பார்த்தும் அதில் ஒரு குறையும் அகப்படவில்லை. எட்டு மாதம் அதை விற்காமலேயே வைத்திருந்தார். கேட்டவர்களிடம் "இன்னம் பாத்து முடியல்ல" என்றார். ஒன்பதாவது மாதம் அது ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்துகிறது என்று தெரியவந்ததும் மனிதனுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. அன்றைக்கே விற்றுவிட்டோம்.

"நானா, எங்க கடைக்கும் வந்து கொஞ்சம் குறை சொல்லிட்டுப் போங்களேன்" என்று எதிர்த் துணிக்கடை முதலாளி கிண்டல் பண்ணுவார். கிண்டலில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. ஏனென்றால் சனம் எங்கள் கடைக்குத்தான் வந்தது. வட்டகொடையிலிருந்தும் கொத்மலையிலிருந்தும் பஸ் ஏறி வந்து கலியாணத்துக்குப் பரிசுச் சாமான் வாங்கிப் போனார்கள். வாங்கிக்கொண்டு போய், "இது கைப்பிடி கொஞ்சம் ஆடும், நானா சொன்னாரு" என்று பெண் மாப்பிள்ளையிடமே சொல்லிக் கொடுத்தார்கள்.

சாமானுக்குத்தான் இந்த நியாயம். மனுஷர்களைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது. கடைக்கு வந்த யாராவது அடுத்த வீட்டுக்காரனைப் பற்றி ஆரம்பித்தால், "மனுசர்ட குறைய அவங்கவங்கதான் செல்லோணும். நமக்குச் சாமான் போதும்" என்று பேச்சை வெட்டிவிடுவார். அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் இதுதான் நடந்ததாம். அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. மாப்பிள்ளை வீட்டார் பலகாரமெல்லாம் சாப்பிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருக்கும்போது, இவர் மகளைக் கூப்பிட்டு, "உன்ட குறைய நீயே செல்லு" என்றாராம். அவர் மனைவிக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெண்ணும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். "எனக்கு விடிய எழும்ப ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் மாப்பிள்ளையின் உம்மா, "எங்குட மகனுக்கும் ஏலாதுதான்" என்றாராம். கலியாணம் நன்றாக நடந்தது. கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, இப்போது நானா கண்டிப் பக்கம் அந்த மகள் வீட்டில்தான் இருக்கிறார். காலையில் முதலில் எழும்பித் தேத்தண்ணி போடுவது அவராகத்தான் இருக்கும்.

வேலைக்கு வந்த என்னிடமும் படிப்பு என்ன, முன்னே எங்கே வேலை செய்தாய் என்று ஒன்றும் அவர் கேட்கவில்லை. "உங்குட குறை என்ன?" என்றார்.

"எனக்கு வாய் நீளம், நானா."

"அது எனக்குத் தெரியும். வேற ஒண்டச் செல்லுங்க."

"ரொட்டி கருகிரும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து வருஷமும் திங்கட்கிழமை திங்கட்கிழமை கடை திறக்கும்போது, "ரொட்டி எப்பிடி?" என்று கேட்பார். "கருகுது, நானா" என்பேன். "நல்லம்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் போய் உட்காருவார். பார்த்தவர்களுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூளை குழம்பியிருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த ரொட்டிக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது.

வேலைக்குச் சேருவதற்கு முன்பு, நான் முதன்முதலில் அந்தக் கடைக்குள் போனதே அந்த நாய்க்குட்டியை வாங்கத்தான். குவைத்திலிருந்து திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாலு வருஷம் அங்கே ஒரு வீட்டில் வேலை. போகும்போது என் மகள் தனுவுக்கு இரண்டு வயது, வரும்போது ஆறு. றொசல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் லயம், வரிசையாகச் சேர்த்துக் கட்டிய தொழிலாளர் வீடுகள். நான் இல்லாத நாலு வருஷமும் அதே லயத்தில் அடுத்த வீட்டில் இருந்த என் அக்காதான் அவளை வளர்த்தாள். என் புருஷன் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். ஆகவே பிள்ளைக்கு அம்மா என்றால் அக்காதான். அக்காவை 'அம்மா' என்றாள். என்னைக் 'குவைத்தம்மா' என்றாள்.

அதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. பெட்டி நிறைய சொக்லட்டும் கம்பளியும் வாசனைச் சோப்பும் கொண்டுவந்திருந்தேன். தனு எல்லாவற்றையும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு அக்காவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். "தேங்ஸ், குவைத்தம்மா" என்றாள். வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரிக்குச் சொல்லுவதுபோல அவ்வளவு மரியாதை. அதற்கு அவள் என்னைக் கிள்ளியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றபோது நானா கடைக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்தேன். சின்னப் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு ஒரு பழுப்பு நிற நாய்க்குட்டி தூங்கியது. வயிறு ஏறி ஏறி இறங்கியது. ஐயோ, கடைக்குள்ளே குளிரில் கிடக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் பிடிபட்டது, இது பொம்மை. குவைத்தில் எங்கள் மேடத்தின் மகளிடம் இப்படி ஒரு தட்டு நிறைய இருந்தன. நாலு வருஷம் தினமும் அவற்றைத் தூசி தட்டினேன். அந்தப் பிள்ளை ஒன்றையும் திரும்பிப் பார்க்காது. என் மகளுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் எப்படிக் கட்டிக்கொள்ளும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறேன். விறுவிறு என்று கடைக்குள் போனேன்.

நானா அதை எடுத்து மேசையில் வைத்தார். தலையைத் தடவிக் காட்டினார். அது கண்ணைத் திறந்து மெல்லிசாக முனகியது. எனக்கு மயிர் சிலிர்த்தது.

"கட்டுங்க, நானா."

"பொறுங்க தங்கச்சி, இதுக்கு அஞ்சு குறை ஈக்குது" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலை மடக்கத் தொடங்கினார். "ஒண்டு, தண்ணி படக் கூடாது. பனியில வச்சாலும் மயிர் கொட்டும். ரெண்டு, வயித்துக்குள்ள மோட்டர். சத்தமில்லாத எடத்துல கர்கர் எண்டு கேக்கும். மூணு, பெட்ரி மூடி இறுக்கமில்ல. கீழ விழுந்தா தெறந்து பெட்ரி ரெண்டும் வெளிய ஓடிரும். நாலு, பழுதாகினா திருத்த ஹட்டன்ல ஆள் இல்ல."

"சரி நானா, பரவால்ல, கட்டுங்க. பஸ் போயிரும்."

"அஞ்சாவதுதான் பெருசு" என்றார். "நெசம் மாதிரியே ஈக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது குறையா நானா? அதுக்காகத்தானே வாங்குறேன்!"

"பெரிய ஆக்களுக்குக் குறையில்ல. சின்னப் புள்ளைக்கிக் குடுக்குறதெண்டா, குடுக்கும்போதே இது பெட்ரி எண்டு செல்லிக் குடுங்க. இல்லாட்டிப் புள்ள நம்பிரும்."

பைத்தியக்கார மனிதன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தனுவின் மடியில் வைத்தேன். அவள் மூச்சே விடவில்லை. நாய்க்குட்டிதான் விட்டது. வெகு நேரம் கழித்து, "உசுரு இருக்கா?" என்று கேட்டாள். முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். அந்த இரண்டு கண்ணும் அப்படி விரிந்திருக்கும்போது பெட்ரி என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

"இருக்கு" என்றேன். "ஒனக்காகக் குவைத்திலேர்ந்து பிளேன்ல கொண்டாந்தேன். இவ்வளவு நாளும் பெட்டிக்குள்ள தூங்கிக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்குத்தான் கண்ணு முழிச்சுச்சு."

அக்கா அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பார்க்காததுபோல இருந்துகொண்டேன்.

ஒரு பொய் சொன்னால் அது குட்டி போடும் என்பதை அந்த ஒன்றரை மாதத்தில் தெரிந்துகொண்டேன். நாய்க்கு ஜிம்மி என்று பெயர் வைத்தாள். ஜிம்மிக்குச் சிரட்டையில் பால் வைத்தாள். "ஏன் குடிக்க மாட்டேங்குது?" "குவைத்து நாயி ஆளு பாக்குறப்ப குடிக்காது." விடியற்காலையில் எழும்பி அந்தப் பாலை வெளியே ஊற்றுவது என் வேலையாயிற்று. "ஏன் வயித்துக்குள்ள கர்கர்னுது?" "பசிக்குது." "இப்பதானே பால் குடிச்சுச்சு?" நான் என்னத்தைச் சொல்ல! ஆனால் ஒன்று. கேட்பதற்கு அவள் என்னிடம் வந்தாள். குவைத்து நாயைப் பற்றிக் குவைத்தம்மாவிடம்தானே கேட்க வேண்டும்? அதற்காகவே நான் மேலும் மேலும் அளந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் அந்தப் பேச்சை விட மனமில்லை.

பெட்ரி வாங்கப் போனபோது நானா கேட்டார். "புள்ளைக்கிட்ட செல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல, நானா."

இரண்டு பெட்ரியை எடுத்து வைத்து, "இது மூணு கெழமதான் தாங்கும்" என்று மட்டும் சொன்னார்.

வருஷத்துக்கு ஒருமுறை தோட்டத்து நாய்களுக்கு விசர்நோய் ஊசி போட வருவார்கள். எல்லா லயத்து நாய்களையும் மாரியம்மன் கோயில் முன்னால் கொண்டுபோக வேண்டும். அன்றைக்குத் தோட்டமே நாய்ச் சத்தமாக இருக்கும். கயிற்றில் இழுத்து வருகிறவர்கள், சாக்குக்குள் போட்டுத் தூக்கி வருகிறவர்கள், பாதி வழியில் நாயைத் தவறவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் துரத்தி ஓடுகிறவர்கள் என்று ஒரே கூத்து. ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டி கட்டிவிடுவார்கள். மறு நாள் பார்த்தால் தோட்டத்து நாயெல்லாம் கலியாணத்துக்குப் போவதுபோலச் சிவப்புப் பட்டியோடு திரியும்.

நானும் அக்காவும் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தோம். ஊசிக்கு வந்தவர்கள் கோயிலடியில் இருக்கிறார்கள் என்று தெரியும். எங்களிடம் நாய் இல்லையே என்று இருந்துவிட்டோம். இரண்டு பேருமே ஜிம்மியை மறந்துபோனோம். தனு மறக்கவில்லை. அவளுக்கு ஊசி வேண்டாம், அந்தச் சிவப்புப் பட்டி வேண்டும். ஜிம்மியைச் சுவெட்டரில் சுற்றித் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றிருக்கிறாள்.

"அம்மா!" என்று ஒரு அலறல் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும்தான் நிமிர்ந்தோம். இரண்டு பேரும்தான் ஓடினோம். அக்காவைத்தான் கூப்பிட்டாள் என்று தெரிந்தும் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் நடந்துவிட்டது. ஊசி போட வந்தது ஒரு சிங்களப் பொடியன். காலையிலிருந்து கடிக்க வந்த நாய்களோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போயிருந்தான். சுவெட்டருக்குள்ளிருந்து பழுப்பு முதுகு தெரிந்திருக்கிறது, வயிறு ஏறி இறங்கியிருக்கிறது. அப்பாடா, ஒரு நல்ல குட்டி என்று பிடரியைப் பிடித்து ஊசியைக் குத்தியிருக்கிறான். ஊசி பிளாஸ்டிக்கில் பட்டு வளைந்துவிட்டது. அவன் பதறிக் கையை விட, ஜிம்மி சீமெந்துத் தரையில் விழுந்து, வயிற்று மூடி திறந்து, இரண்டு பெட்ரியும் உருண்டு ஓடின. நானா சொன்ன மூன்றாவது குறை.

கூடி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மேக செல்லம் பல்லெக், மாத்தயா!" என்று நான்தான் சிங்களத்தில் கத்தினேன், இது விளையாட்டு நாய் என்று. அந்தப் பொடியன் காதெல்லாம் சிவந்துபோய் நின்றான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பிள்ளை. குனிந்து ஜிம்மியை எடுத்து, தூசி தட்டி, அதன் கழுத்திலும் ஒரு சிவப்புப் பட்டியைக் கட்டித் தனுவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. உருண்டுபோன பெட்ரி இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்று, அவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டாள். ஜிம்மியை நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தோம். அக்கா உள்ளே போய்விட்டாள். வேண்டுமென்றேதான் போனாள். ஜிம்மி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூச்சு விடாமல் கிடந்தது.

"குவைத்திலேர்ந்து வரலையா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஹட்டன்ல கடையில வாங்குனேன்."

"பால்?"

"நான்தான் வெளிய ஊத்துனேன்."

கொஞ்ச நேரம் பட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டாள். "அப்ப நீங்க?"

"நான் என்ன?"

"நீங்க நெசமாவே என் அம்மாதானா?"

நெஞ்சில் ஓங்கி மிதித்ததுபோல இருந்தது. குவைத்தில் யார் யாரோ திட்டியபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை. சத்தியம் பண்ணலாமா, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்துக் காட்டலாமா, அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாமா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. 'உசுரு இருக்கு' என்று நான் சொன்ன நாயின் உயிர் பெட்ரியாகி அவள் கண் முன்னாலேயே உருண்டு ஓடியிருக்கிறது. இனி நான் எதைச் சொன்னாலும் அவள் ஏன் நம்ப வேண்டும்? அந்த நேரம் பார்த்து, பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு விரலை மடக்கும் அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். எனக்கு வேறு வழியும் தெரியவில்லை.

"நெசம்தான்" என்றேன். "ஆனா அஞ்சு குறை இருக்கு. சொல்லவா?"

அவள் தலையை ஆட்டினாள்.

விரலை மடக்கினேன். "ஒன்னு, நாலு வருஷம் ஒன்கூட இல்ல. ஒனக்குப் பல்லு விழுந்தது, நீ பள்ளிக்கூடம் போனது, எதையும் நான் பாக்கல. ரெண்டு, ஜிம்மிக்கு உசுரு இருக்குன்னு பொய் சொன்னேன். மூணு, எனக்குப் பொசுக்குன்னு கோவம் வரும். நாலு, எனக்குப் பெரியம்மா மாதிரி இறுக்கித் தலை பின்னத் தெரியாது." அதோடு நின்றுவிட்டேன். ஐந்து என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேனே தவிர, ஐந்தாவது அகப்படவில்லை. குறைக்கா பஞ்சம், ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லக் கூடியதாக ஒன்று வேண்டுமே.

தனு என் சுண்டு விரலைப் பிடித்தாள். அவளாகவே என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மெதுவாக அந்த விரலை மடக்கிவிட்டு, "ரொட்டி கருகிருது" என்றாள்.

"கருகுதா? தெனமும் சாப்பிட்டியே, நீ சொல்லவே இல்லையே!"

"சொன்னா திரும்பப் போயிருவீங்கல்ல."

நான் அழுதேன். மறைத்தெல்லாம் அழவில்லை, சத்தமாகவே அழுதேன். உள்ளே அக்கா மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. தனு மட்டும் அழவில்லை. பெட்ரி இரண்டையும் என்னிடம் நீட்டி, எப்படிப் போடுவது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். தானே போட்டாள். ஜிம்மி மறுபடியும் மூச்சு விட்டது. "பெட்ரி நாயி" என்று சொல்லி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்றிலிருந்து பால் வைக்கவில்லை, ஆனால் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதை விடவும் இல்லை.

மறு நாள் காலையில் நான் அடுப்பில் ரொட்டி போட்டுவிட்டு, தனுவின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு வேலை ஒன்றாக ஓடாது. புகை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். அதற்குள் அவள் வாசலுக்கு ஓடி, அடுத்த வீட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"பெரியம்மோவ்! அம்மா இன்னிக்கும் ரொட்டிய கருக்கிட்டாங்க!"

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். அக்கா அங்கிருந்து பதிலுக்குக் கத்தினாள். "ஒங்கம்மா சுட்டதுதானே, நீயே தின்னுடி!" அந்தக் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது எனக்குத் தெரிந்தது. நாலு வருஷம் வளர்த்தவள். அன்று மத்தியானம் எனக்குப் பிடித்த மாசிச் சம்பல் அரைத்துக் கொடுத்துவிட்டாள். காலையில் நான் கருகிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். குவைத்தம்மா என்று சொல்லவில்லை, அம்மா என்றாள்.

அந்த வாரமே ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு நானா கடைக்குப் போனேன். மூடி திரும்பவும் கழன்றுபோயிருந்தது. நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்ல, அவர் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து வயிற்றைச் சுற்றி மாட்டி மூடியைச் சரிசெய்தார். நடுவில் ஒருவர், தங்கச்சி பிள்ளையின் பிறந்த நாளுக்கென்று இன்னொரு நாய்க்குட்டியை விலை கேட்டார். நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுக்கு ஆறு குறை ஈக்குது" என்று தொடங்கினார். ஆறாவதாக, "இதுக்கு ஊசி ஏறாது" என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். அந்த ஆள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

அவர் போன பிறகு நானா என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார்.

"தங்கச்சி, அந்த அஞ்சு குறையில நாலத் திருத்தப் பாருங்க" என்றார். "ரொட்டிய மட்டும் அப்பிடியே விட்டுருங்க."

விட்டுவிட்டேன். தனுவுக்கு இப்போது பதினாறு வயது. இன்றைக்குக் காலையிலும் திட்டினாள்.